தேக்கு அலமாரிக் கதவுல ஸ்டெயின்ட் கிளாஸ் மாட்டறது எப்படி

வணக்கமுங்க. எங்கூட்டுப் பூஜை அலமாரிக்கு ரெண்டு கதவு நானே செஞ்சேன், சட்டம் தேக்கு, நடுவுல கலர் கண்ணாடி. பொழுது சாஞ்சு உள்ள லைட்டப் போட்டா தரையில செவப்பும் மஞ்சளுமா வந்து விழும் பாருங்க, அதுக்கே ஒரு மாசம் பட்ட பாடு தகும். சட்டம் கோக்கறது, உளி தீட்டறதெல்லாம் இங்க சொல்லலீங்க, அது தெரியும்னு வெச்சுக்கிட்டுத்தான் எழுதறேன்.

மரம் மொதல்ல. புதுத் தேக்கு வேண்டாங்க, பொள்ளாச்சிப் பக்கம் பழைய வீடு இடிக்கற எடத்துல வாசக்கால் நிலவு, உத்தரம்னு கெடைக்கும், அத வாங்குங்க. அம்பது அறுபது வருசம் காஞ்ச மரம், இனி பெருசா முறுக்காது. இழைக்கறதுக்கு முன்னாடி ஆணி எதும் இருக்குதான்னு ஒரு காந்தத்த வெச்சு ஓட்டிப் பாத்துக்கோங்க. (தேக்குன்னா எனக்கு ஆனைமலைக் காட்டு டாப்ஸ்லிப் ஞாபகம் வந்துரும். வெட்டுன மரத்த மேல இருந்து சரிச்சு விட்டதாலதான் அந்தப் பேரே. மொட்டையாக் கெடந்த காட்டுல மறுபடி தேக்கு வளத்த வெள்ளைக்கார ஃபாரஸ்ட் ஆபீசர் ஹியூகோ வுட்டோட சமாதி இன்னும் அங்கதான் இருக்குது, போனா பாத்துட்டு வாங்க.)

சட்டம் 2 இஞ்ச் அகலம், 25 மி.மீ கனம். பின்பக்கம் கண்ணாடி உக்கார 10 மி.மீ அகலம், 12 மி.மீ ஆழத்துக்குப் படி (படிக்கட்டு மாதிரிப் பள்ளம்) எடுங்க. படி எடுக்கற ரவுட்டர் மெஷின் மூலைய வட்டமா விட்டுரும், உளியால சதுரமாக்கிருங்க. பாலீஷையும் இப்பவே போட்டு முடிச்சிருங்க.

இனி நான் சிக்கிக்கிட்ட எடம். மொதல் தடவ படியோட அளவு என்னவோ அதே அளவுக்கு டிசைன் வரைஞ்சு கண்ணாடிய வெட்டுனேன், துண்டெல்லாம் ஈயத்தால பத்தவெச்சு முடிச்சுக் கொண்டாந்து வெச்சா 4 மி.மீ பெருசு! ஏன்னா ஒவ்வொரு துண்டும் வெட்டறப்ப கோட்ட விட்டு ஒரு மயிரிழை வெளிய நிக்கும், அதுக்கு மேல காப்பர் ஃபாயில் (ஓரத்துல ஒட்டற செம்பு டேப்) சுத்தறோம், துண்டுக்கு அரை மி.மீ கூடுனாலே ஆறு துண்டுக்கு 3 மி.மீ ஆச்சுங்களே. பத்தவெச்ச பொறவு ஓரத்தத் தேய்க்கவும் முடியாது. நான் படியச் செதுக்கி இறுக்கமா உள்ள தள்ளிட்டேன், அதுதான் தப்பு. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஈரத்தோட வந்துச்சு, மரம் உப்பி சட்டம் லேசாக் கோணுச்சு, கதவச் சாத்தறப்ப டிக்குனு மூலைத்துண்டு ஒண்ணு விரிஞ்சு போச்சு. மரம் காத்துக்குத் தக்கன அசையும், கண்ணாடி அசையாது. ரெண்டுக்கும் நடுவுல எடம் விட்டே ஆகணும்.

அதனால சட்டத்த முடிச்சுட்டு, படிய அளந்து, நாலு பக்கமும் 3 மி.மீ கம்மி பண்ணி டிசைன் வரைங்க. படி 300க்கு 600ன்னா கண்ணாடி 294க்கு 594. அந்த வரைபடத்த ஒரு பலகையில ஒட்டி, அதே அளவுக்கு நாலு பக்கமும் ரீப்பர் அடிச்சிருங்க. துண்டெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள உக்காந்தாத்தான் பத்தவெக்கணும், உக்காரலைன்னா கண்ணாடி தேய்க்கற கிரைண்டர்ல தேச்சுட்டு வாங்க. இன்னொண்ணு, ஓரத்துல சுத்தியும் 7 மி.மீ மரத்துக்கு அடியில மறைஞ்சிரும், பூவோட நுனிய அங்க கொண்டு போயிராதீங்க.

கண்ணாடி 3 மி.மீ, எண்ணெய் ஊத்தற கட்டர். ஒரே இழுப்புதான், சர்ர்ர்னு சத்தம் வரணும், மேல ரெண்டாந்தடவ இழுத்தா கட்டர் வீல் போயிரும். ஃபாயில் 5.6 மி.மீ அகலம், ரெண்டு பக்கமும் சமமா மடியணும். சால்டரிங் அயர்ன் 80 இல்லீன்னா 100 வாட். ரேடியோ ரிப்பேருக்கு வெச்சிருக்கற 25 வாட் சுத்தமா ஆகாது, சூடு பத்தாம ஈயம் கட்டி கட்டியா நிக்கும். 60/40 ஈயக்கம்பி (வெள்ளீயம் 60, காரீயம் 40) நல்லா ஓடும், நடுவுல ரெசின் வெச்சது மட்டும் வேண்டாம், ஃப்ளக்ஸ் (ஈயம் நல்லாப் புடிக்கத் தடவறது) தனியாத் தடவிக்கோங்க. ஜன்னலத் தொறந்து வெச்சு வேலை பாருங்க, முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, கொழந்தைங்கள அண்ட விடாதீங்க. மரச்சட்டத்துக்குள்ள வெச்சு மட்டும் பத்தவெக்காதீங்க, ஃப்ளக்ஸ் பட்டாத் தேக்கு கறையாயிரும்.

மாட்டறப்ப சுத்தியலே எடுக்கக் கூடாதுங்க. கண்ணாடிய அமுக்கிப் புடிக்கற மரப்பட்டிக்கு (பீடிங்) மொதல்லயே ஓட்டை போட்டுட்டு அரை இஞ்ச் பித்தளை ஸ்குரூவாப் போடுங்க, நாளைக்கு ஒரு துண்டு உடைஞ்சாலும் கழட்டலாம். சிலிக்கான் முழுசா ஊத்தாம, கண்ணாடி ஆடாம இருக்க அங்கங்க ஒரு பொட்டு வெச்சாப் போதும்.

பின்னால சேத்தது: ஈயக்கோட்டுல வெள்ளையாப் பூக்குதுன்னு கமெண்ட்ல ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. அது கழுவாம விட்ட ஃப்ளக்ஸ். பாத்திரம் கழுவற சோப்புல கொஞ்சம் ஆப்பசோடா கலந்து பிரஷ்ஷால தேச்சு, தொடைச்சு, நல்லாக் காஞ்சதுக்கப்பறம் மெழுகு தடவுங்க. ஈயக்கோட்டுக்குச் செம்புக் கலர் வேணும்னு கேட்ட அக்காவுக்கு: அதுக்குப் பாட்டினான்னு விக்கறதுல இருக்கறது மயில்துத்தந்தானுங்க, நம்ம தோட்டத்துல போர்டோ கலவைக்குப் போடறமே அதேதான். கையுறை போட்டுட்டுத் தடவுங்க. சமையலறை அலமாரிக்குக் கேட்ட தம்பி, அங்க ஈயமில்லாத கம்பி வாங்கிக்கோங்க, வெலை கூட, உருகவும் சூடு அதிகம் வேணும், ஆனா சோறு வெக்கற எடம் பாருங்க.