விமானிக்கு ஒரு ஹெட்செட், பயணிக்கு ஒரு ஹெட்போன்: பார்த்து வாங்கும் முறை

ராயபுரத்தில் எங்கள் தெருவில் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் சிலர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன், எஞ்சின் அறைக்காரன். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்கே போய் ஏறுவதற்கும், ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்புவதற்கும் விமானம்தான் வழி என்பதால், இரைச்சல் நீக்கும் ஹெட்போன் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். விமானிப் பயிற்சியில் சேர்ந்த என் அக்கா மகள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதையே மாட்டிக்கிட்டு ஓட்டலாமா, இல்ல தனியா வாங்கணுமா?" என்று கேட்டாள். தனியாகத்தான் வாங்க வேண்டும். பயணி பணம் கொடுப்பது சத்தம் கேட்காமல் இருப்பதற்கு; விமானி பணம் கொடுப்பதோ, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பேச்சு தனக்குப் பிசிறில்லாமல் கேட்பதற்கும், தன் பேச்சு அங்கே பிசிறில்லாமல் போய்ச் சேர்வதற்கும். இரண்டும் ஒரே கடையில் அடுத்தடுத்து வைத்து விற்கப்பட்டாலும் இரண்டும் வேறு வேறு சாமான்கள்.

முதலில் இந்தக் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காதுமூடிக்குள் இருக்கும் சிறிய மைக் வெளியிலிருந்து வரும் ஒலி அலையை அளக்கிறது; அதன் மேடு இருக்கும் இடத்தில் பள்ளமும் பள்ளம் இருக்கும் இடத்தில் மேடுமாக எதிர் அலையொன்றை ஸ்பீக்கர் எழுப்ப, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது என்பதால், 100 ஹெர்ட்ஸ் உறுமலின் ஓர் அலை ஏறக்குறைய 3.4 மீட்டர் நீளம். 5,000 ஹெர்ட்ஸ் கீச்சின் அலையோ 7 சென்டிமீட்டர்தான். நீளமான, நிதானமான அலைக்கு எதிர் அலையைப் பொருத்துவது எளிது. குட்டை அலைக்குக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அது கடந்துவிடும். அதனால் சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சத்தத்தைத் தடுப்பது மின்சாரம் அல்ல, காதைச் சுற்றி உட்காரும் மெத்தைதான். விலை எவ்வளவு உயர்ந்தாலும் இந்த எல்லை பெரிதாக மாறுவதில்லை.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், பிறகு மிக்ஸியில் பொட்டுக்கடலையை ஓட்டுங்கள். பொத்தானை அழுத்தியதும் ஃபேனின் 'ஊம்' சத்தம் யாரோ துணியால் துடைத்ததுபோல் மறைந்துபோகும். மிக்ஸியின் கிறீச்சு மெலிந்து ஒலிக்குமே தவிர, போகாது. விமான எஞ்சினும் பெருமளவு அந்த ஃபேனின் ஜாதிதான். இரண்டு இதழ் சுழலி (ப்ரொப்பெல்லர்) கொண்ட செஸ்னா 172 என்ற சிறிய விமானம் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால் விநாடிக்கு 80 தடவை காற்றை அறைகிறது. அந்த 80 ஹெர்ட்ஸ் அடியைத்தான் இந்தக் கருவி மிக நன்றாக விழுங்கும். எங்கள் கப்பலில் 720 சுற்றில் ஓடும் ஆறு சிலிண்டர் ஜெனரேட்டரின் உறுமல் 36 ஹெர்ட்ஸ். ஆனாலும் எஞ்சின் அறைக்கு நான் இதைக் கொண்டுபோவதில்லை. அங்கே 110 டெசிபல் வரை போகும் என்பதால், தரச்சான்று பெற்ற இயர் மஃப் மட்டுமே பாதுகாப்பு.

பாஸ்டன் பக்கத்தில் எம்ஐடி-யில் பேராசிரியராக இருந்த, போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ், வங்காளத்திலிருந்து போன ஒருவரின் மகன், 1978-இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் விமானத்தில் தந்த ஹெட்போனில் இரைச்சலை மீறி இசை கேட்க முடியாமல் அந்த இருக்கையிலேயே கணக்குப் போடத் தொடங்கினார் என்பது தெரிந்த கதை. பயணியின் எரிச்சலில் பிறந்த அந்த யோசனை 1989-இல் கடைக்கு வந்தபோது விமானிகளுக்கான ஹெட்செட்டாகத்தான் வந்தது.

பயணிக்கான ஹெட்போனை ஏசி போட்ட, அமைதியான கடைக்குள் வைத்துச் சோதிப்பதில் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் நீக்குவதற்கு அங்கே இரைச்சலே கிடையாது. வடசென்னைக்காரர்களுக்கு நல்ல சோதனைக்கூடம் மெட்ரோவின் நீல வழித்தடம். வண்ணாரப்பேட்டையிலிருந்து மண்ணடி, உயர் நீதிமன்றம் வழியாக சென்ட்ரல் வரை முழுக்கச் சுரங்கம்; அதே ரயில் கடைசியில் விமான நிலையத்துக்கே போய் நிற்கிறது. தெரிந்தவர் வைத்திருக்கும் மாடலை ஒருநாள் இரவல் வாங்கி அந்தத் தூரத்தில் போட்டுப் பாருங்கள். சுரங்க உறுமல் எவ்வளவு இறங்குகிறது, நிலைய அறிவிப்பு எவ்வளவு கேட்கிறது, கதவு திறக்கும்போது காதில் 'டப்' என்று ஏதாவது வருகிறதா என்று கவனியுங்கள். சிலருக்குப் பொத்தானை அழுத்தியவுடன் கிணற்றுக்குள் மூழ்கியதுபோல் காது அடைக்கும். அது உண்மையான காற்றழுத்தம் அல்ல, கீழ்ஸ்தாயி ஒலி திடீரென்று இல்லாமல் போவதால் மூளை செய்யும் தப்புக் கணக்கு. பெரும்பாலோருக்குச் சில நாளில் பழகிவிடும், பழகாதவர்கள் நீக்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டேதான் சோதிக்க வேண்டும். காதுக் கம்பி மெத்தையை ஒரு நூல் தூக்கினாலும் அந்த இடுக்கு வழியாகச் சத்தம் உள்ளே வந்துவிடும். மெல்லிய கம்பியுள்ள சட்டத்துக்கு மாறியதே எனக்குப் புது ஹெட்போன் வாங்கியதுபோல் இருந்தது. எடையைப் பொறுத்தவரை, சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம், ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். கடையில் ஐந்து நிமிடம் தெரியாத அந்த வித்தியாசம் ஒன்பது மணி நேரப் பயணத்தில் உச்சந்தலையில் தெரியும். இரவில் சாய்ந்து தூங்குகிறவருக்குக் காதுக்குள் செருகும் இயர்பட்ஸே சௌகரியம் என்றாலும், அதன் பேட்டரி நீண்ட பயணத்துக்குப் போதாது. காது முழுவதையும் மூடும் வகைகளில் பல 30 மணி நேரம் வரை தாங்குகின்றன. இருக்கைத் திரையில் படம் பார்க்க வேண்டுமென்றால் வயர் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள், பழைய விமானங்களுக்கு இரட்டை முள் அடாப்டர் ஒன்றும் பையில் கிடக்கட்டும்.

தூத்துக்குடிக்குப் போகும் ஏடிஆர் போன்ற சுழலி விமானத்தில் அடிக்கடி போகிறவர்கள் இருக்கையையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். சுழலிக்கு நேராக உள்ள வரிசைகளில் அதிர்வு அதிகம், அதைத் தாண்டிப் பின்னால் போகப் போகக் குறையும். ஜெட் விமானத்தில் கதை தலைகீழ்: எஞ்சினுக்கு முன்னால்தான் அமைதி.

இனி விமானிக்கு. இங்கே முதல் கேள்வி இரைச்சல் அல்ல, வயரின் முனையில் இருக்கும் செருகுபின். சிறிய பயிற்சி விமானங்களில் இரண்டு தனித்தனிப் பின்கள்: கேட்பதற்குப் பெரியது, பிஜே-055, மைக்குக்குச் சிறியது, பிஜே-068. ஹெலிகாப்டரில் யூ-174 என்ற ஒற்றைப் பின். விமானத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஆறு முள் லீமோ என்ற பின் வேறு. ஏர்பஸ் விமானங்களில் ஐந்து முள் எக்ஸ்எல்ஆர். பயிற்சிப் பள்ளியின் விமானத்தில் என்ன துளை இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டக் கூடாது. அடாப்டர் போட்டுப் போன் ஹெட்போனை அங்கே செருகிவிடலாமே என்றால், அதன் மின்தடை பெரும்பாலும் 32 ஓம் அளவில் இருப்பது, விமானத்தின் ரேடியோ எதிர்பார்ப்பதோ 150 முதல் 600 ஓம். உதட்டருகே நின்று எஞ்சின் சத்தத்தை விலக்கிப் பேச்சை மட்டும் எடுக்கும் மைக்கும் அதில் கிடையாது.

அடுத்தது, பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. நல்ல விமானி ஹெட்செட்டில் நீக்கும் வேலை மட்டும் நிற்கும், ரேடியோப் பேச்சு நிற்காது. கடையிலேயே பேட்டரியைக் கழற்றிவிட்டு இதைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ப்ளூடூத் இருந்தால், ரேடியோவில் குரல் வந்தவுடன் பாட்டு தானாகத் தாழ்கிறதா என்றும் பாருங்கள். டிஎஸ்ஓ-சி139 என்ற அமெரிக்க விமானத் தரக்குறியீடு இருப்பது நல்லது. இரைச்சல் நீங்கும்போது எஞ்சினின் மாறிய ஒலியோ ரேடியோ வழியாக வராத எச்சரிக்கை மணியோ சேர்ந்தே நீங்கிவிடக்கூடும் என்பதால், புது ஹெட்செட்டை முதலில் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது போட்டுப் பழக வேண்டும். எந்த மணி எப்படிக் கேட்கிறது என்று தரையிலேயே ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுவது இன்னும் உத்தமம்.

மாணவர் தொடக்கத்திலேயே விலை உயர்ந்த போஸ் ஏ30, லைட்ஸ்பீட் டெல்டா ஜூலு வகைகளுக்குப் போக வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. மின்சாரமே இல்லாமல் இறுக்கத்தாலும் மெத்தையாலும் மட்டும் தடுக்கும் டேவிட் கிளார்க் எச்10-13.4 பல வருடங்களாக விற்பனையில் இருக்கிறது; அதன் தடுப்பு 23 டெசிபல் என்று மதிப்பிடப்பட்டுள்ளது, கீழே விழுந்தாலும் தாங்கும், உதிரி மெத்தை தனியாகக் கிடைக்கும். டெல்டா ஜூலுவில் கார்பன் மோனாக்சைடு கசிவை எச்சரிக்கும் வசதி இருப்பது உண்மையிலேயே மதிப்புள்ள விஷயம்தான், ஆனால் அதை வேலை கிடைத்தபின் வாங்கிக்கொள்ளலாம்.

பழையது வாங்கினால் மைக்கின் பஞ்சையும் மெத்தையையும் மாற்றிவிட வேண்டும். இங்கே மெத்தையின் பெரிய எதிரி நம் கடற்காற்றும் வியர்வையும்தான். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் நான் வாங்கிய ஹெட்போன், பெட்டி, வாரண்டி அட்டை எல்லாம் அசலைப்போலவே இருந்தும், இரண்டாவது கோடையில் கறுப்புத் தோல் செதில் செதிலாக உரிந்து காதெல்லாம் ஒட்டிக்கொண்டது. அசல் தோலும் ஒருநாள் உரியும். வித்தியாசம், அதற்கு மாற்று மெத்தை கிடைக்கும், போலிக்குக் கிடைக்காது. கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா பொட்டலம் போட்ட உறையில் வைத்தால் ஆயுள் கூடும்.

அக்கா மகள் கடைசியில் அந்த மின்சாரமில்லாத வகையையே இரண்டாம் கையாக வாங்கி, மெத்தையை மட்டும் ஜெல் வகைக்கு மாற்றிக்கொண்டாள். முதல் வாரம் முழுக்க நெற்றிப்பொட்டு வலிக்கிறது என்ற புலம்பல். இரும்புப் பட்டை என்பதால், அவள் தலையைவிட ஒரு விரல் அகலமாகப் புத்தகங்களை அடுக்கி, ஹெட்செட்டை இரவு முழுக்க அதன்மேல் மாட்டிவைத்தோம். பிளாஸ்டிக் பட்டையில் இதைச் செய்தால் விரிசல் விடும். மறுநாள் மாட்டிப் பார்த்து, இன்னும் ஒரு புத்தகம் சேர்த்து வைக்கச் சொன்னாள்.