புது வேலை ஆஃபர் கையில் இருக்கிறது, கர்த்தர் இன்னும் பதில் சொல்லவில்லை: அதுவரை என்ன செய்வது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் ஜெபம் பண்ண உட்காராதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் ஏசாயா 43:19 வந்தது, "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்." அவ்வளவுதான், மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை ஜனவரி முதல் வாரமே விட்டுவிட்டேன். பேசிவைத்திருந்த புது இடத்தில் "மார்ச்சில் பார்க்கலாம்" என்றார்கள், மார்ச்சில் போனையே எடுக்கவில்லை. ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். அதே வசனம் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேருக்கு வந்திருந்தது, அவர்கள் ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

காத்திருப்பது எப்படி என்று அந்த ஐந்து மாதத்தில் காசிமேட்டில்தான் பார்த்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆனால் துறைமுகத்தில் யாரும் சும்மா இருப்பதில்லை. அடிப்பலகையைச் சுரண்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஒரு அண்ணன் வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் ஒவ்வொரு கண்ணாகக் கட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் எவ்ளோ நாள்ணே ஆவும்?" என்று கேட்டேன். "தடை முடியறதுக்குள்ள முடிக்கணும் தம்பி. போட்டு கெளம்பசொல்ல வலை இல்லன்னு நிக்க முடியுமா?" என்றார்.

வேதத்தில் இதற்கு எனக்குப் பிடித்த ஆள் நெகேமியா, பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனாக இருந்த யூதன். கிஸ்லேயு மாதம் எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடக்கும் செய்தி வருகிறது, ராஜாவிடம் அவன் வாய் திறப்பது நிசான் மாதத்தில், கிட்டத்தட்ட நாலு மாதம் கழித்து. அழுதான், உபவாசித்தான், ஜெபித்தான், சரி. ஆனால் "என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்டதும் எத்தனை காலம் ஆகும் என்று சொல்கிறான், நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறான், மரம் தரச்சொல்லி வனக் காவலாளன் ஆசாப்புக்கு ஒரு கடிதமும் கேட்கிறான். அதெல்லாம் அந்த நிமிஷத்தில் தோன்றியதாக எனக்குத் தெரியவில்லை, நாலு மாதமும் ஜெபத்தோடு கணக்கும் போட்டிருக்கிறான்.

நீங்களும் போடுங்கள். கம்பெனி கொடுத்த கெடு நாளைக்கே முடிகிறதென்றால் ஹெச்ஆருக்கு நேராக எழுதுங்கள்: "வீட்டில் பேசி முடிவு சொல்ல பத்து நாள் தேவை." கேட்டால் ஒன்றும் குறைந்துபோகாது, ஒரு வாரமாவது கொடுத்தால் லாபம். அந்தத் தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், தேதி இல்லாத காத்திருப்பு தள்ளிப்போடுவதாக மாறிவிடும், அதற்கு நாமே "கர்த்தருடைய வேளை" என்று பெயரும் வைத்துவிடுவோம்.

தினமும் ஒரே நேரத்தில் ஜெபியுங்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் லாரி வருவதற்கு முன்னால்தான் அமைதி, அதனால் ஐந்தரை மணி. "கர்த்தருக்குக் காத்திரு" என்கிற சங்கீதம் 27:14-ஐ வாசித்துவிட்டுப் பேசுங்கள். முடித்ததும் ஒரு நோட்டில், கைக்கு வரும் சம்பளம், வாடகை, இஎம்ஐ, அம்மாவின் மாத்திரைச் செலவு, எல்லாம் எழுதுங்கள். புது ஆபீஸ் சிறுசேரி என்றால் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வேலை நாள் காலையில் உண்மையாகவே போய்ப் பாருங்கள், சாயங்காலம் திரும்பியும் வாருங்கள். மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது நிஜம்தான், ஆனாலும் அந்தப் பயணத்தை உடம்பு ஒருமுறை அனுபவித்தால் பாதி குழப்பம் தீரும். ஞாயிறு ஷிப்ட் உண்டா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அடையாளம் கேட்கிற பழக்கத்தை மட்டும் விடுங்கள். "அடுத்த பஸ் உடனே வந்தால் கர்த்தர் சரி என்கிறார்" என்று நானே நின்றிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. வேதத்தில் கிதியோன் அடையாளம் கேட்டு ராத்திரி களத்தில் ஆட்டுத்தோல் போட்டதைச் சொல்வீர்கள். தேவன் "போ" என்று சொன்ன பிறகும் நம்பிக்கை வராமல்தான் அவன் போட்டான், அதுவும் இரண்டு தடவை.

ஆலோசனைக்கு மூன்று பேர் போதும்: அந்த வேலையையே செய்கிறவர், உங்கள் முகத்துக்கு நேராக மறுத்துப் பேசுகிறவர், வீட்டில் செலவைப் பார்க்கிறவர். பாஸ்டரிடம் ஜெபிக்கச் சொல்லுங்கள், நோட்டீஸ் பீரியட் சந்தேகத்தை அவரிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். "கர்த்தர் எனக்குச் சொன்னார், நீ போ" என்று யாராவது வந்தால் நோட்டில் எழுதி வையுங்கள், அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வட்டம் போட்ட தேதி வந்தும் உள்ளே ஒன்றும் கேட்கவில்லையா? எனக்கு இரண்டாவது முறை அப்படித்தான் ஆனது. நோட்டைத் திறந்து, எது சரி என்று பட்டதோ அதை எடுத்தேன். நடைகளை உறுதிப்படுத்துகிறவர் கர்த்தர் என்று நீதிமொழிகள் 16:9-ல் இருக்கிறது, வழியை யோசிக்கிற வேலை அதே வசனத்தில் நம்மிடம்தான் இருக்கிறது. பதில் மெயிலை மட்டும் ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பாதீர்கள். காலையில் ஜெபித்து, ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அனுப்புங்கள்.