இஸ்தான்புல் லொகந்தாவில் மதியச் சாப்பாடு: முதல்முறை போகிறவர்களுக்கு

துருக்கி என்றதும் கபாப்தான் நினைவுக்கு வரும். அந்த ஊர்க் கடைக்காரர்கள் மதியம் உட்கார்ந்து சாப்பிடும் இடமோ வேறு. அதன் பெயர் 'எஸ்னாஃப் லொகந்தாசி'. எஸ்னாஃப் என்றால் சிறு வணிகர்கள், கைத்தொழில் செய்பவர்கள்; லொகந்தா என்றால் உணவகம். வீட்டுச் சமையலைப் பெரிய தட்டுகளில் சூடாக வைத்திருப்பார்கள்.

1. பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள். காலையில் சமைத்தது தீர்ந்தால் தீர்ந்ததுதான். மூன்று மணிக்குச் சாவகாசமாகப் போய், சூப்பும் ரொட்டியுமாக எழுந்து வந்திருக்கிறேன். இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில் 1933 முதல் நடக்கும் கனாத் லொகந்தாசி பெயர் பெற்றது. வெள்ளை பீன்ஸ் குழம்பு மட்டும் போதும் என்றால், சுலைமானியே மசூதியை ஒட்டி அதற்கென்றே கடைகள் வரிசையாக உள்ளன.

2. மெனு அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். நேராக உணவு வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, வேண்டியதைக் கையால் காட்டுங்கள். அங்கே அது நாகரிகக் குறைவு அல்ல, அதுதான் வழக்கம். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு கத்தரிக்காய்களைப் பார்ப்பீர்கள். 'கர்னியாரிக்', அதாவது 'கிழிந்த வயிறு', கொத்துக்கறி அடைத்தது, சூடாக வரும். 'இமாம் பயில்டி' வெங்காயமும் தக்காளியும் அடைத்து ஆலிவ் எண்ணெயில் வெந்தது. ஆறிய பிறகே பரிமாறுவார்கள். பெயருக்குப் பொருள் 'இமாம் மயங்கி விழுந்தார்'. சுவையிலா, செலவான எண்ணெயைக் கேட்டா என்று கதைகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன.

3. சைவம் சாப்பிடுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். 'எட்சிஸ்' என்றால் இறைச்சி இல்லாதது. ஆனால் கறித்துண்டு இல்லாத குழம்பிலும் சோற்றிலும்கூட எலும்புச் சாறு சேர்ந்திருக்கலாம். 'எத் சுயு வார் மி?' (இறைச்சிச் சாறு இருக்கிறதா?) என்று கேட்டுவிடுங்கள். ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்த 'ஸெய்தின்யாலி' காய்கறிகள்தான் நம்பத்தகுந்தவை.

4. அளவு சொல்லுங்கள். இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும்: 'அஸ்', அதாவது கொஞ்சம். 'அஸ் கூரு, அஸ் பிலாவ்' என்றால் கொஞ்சம் பீன்ஸ், கொஞ்சம் சோறு. இப்படிக் கேட்டால் ஒரே வேளையில் மூன்று நான்கு வகை ருசி பார்க்கலாம். முதல் நாளே முழுத் தட்டு வாங்கி வயிற்றை நிரப்பிக்கொள்வது வீண். நல்ல பசியென்றால் 'பிர் புச்சுக்', ஒன்றரை.

5. சாப்பாடு சூப்பில் தொடங்கும். மைசூர்ப் பருப்பில் செய்யும் 'மெர்ஜிமெக் சொர்பாசி'தான் எளிய தொடக்கம். எலுமிச்சைத் துண்டு கொடுப்பார்கள். தயங்காமல் பிழியுங்கள், மேலே மிளகாய்த் தூளும் தூவுங்கள். ரொட்டி கூடையில் வரும். தட்டில் மிஞ்சும் குழம்பை அதால் துடைத்து உண்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. குடிக்க 'அய்ரான்', நம் உப்பு மோர்தான், கொஞ்சம் கெட்டியாக.

6. இனிப்புக்கு, மேற்புறம் கருகச் சுட்ட பால்சோறான 'ஃபிரின் சுத்லாச்'. பிறகு இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் பால் இல்லாத தேநீர். பில் கேட்க, 'ஹெசாப் லுட்ஃபென்'. கிளம்பும்போது சமைத்தவரைப் பார்த்து 'எலினிஸே சாலிக்' என்று சொல்லுங்கள். 'உங்கள் கைகளுக்கு நலம் உண்டாகட்டும்' என்று பொருள். சில கடைகளில் வாசலில் உங்கள் உள்ளங்கையில் எலுமிச்சை மணக்கும் 'கொலொன்யா' என்ற வாசனைத் திரவத்தை ஊற்றுவார்கள். அது கை துடைக்க, குடிக்க அல்ல.