வாய்க்காலில் போடும் குப்பை எங்கே போகிறது? டெல்டாவில் நாம் செய்யும் தவறுகள்

சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் எந்த வாய்க்காலை வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். கோழிக்கடைக் கழிவு, காலி பாட்டில், குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர், கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் டம்ளர் எல்லாம் கிடக்கும். தண்ணீரே இல்லையே, இதில் போட்டால் ஆற்றுக்கு என்ன என்கிற நினைப்புதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூரைத் திறப்பார்கள், சில நாளில் கல்லணையும் திறந்துவிடும், அப்போது நுரையும் சகதியுமாக வருகிற முதல் தண்ணீர் கோடை முழுக்கச் சேர்ந்ததை அப்படியே வழித்துக்கொண்டு போகும். பாதி மதகில் அடைத்துக்கொண்டு கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறவிடாது. மீதி பாமனியாறு, கோரையாறு வழியாக முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும், வெட்டாறு, அரசலாறு வழியாக நாகூர், காரைக்கால் கடலுக்கும் போய்ச் சேரும். அதனால் ஊர்கூடிக் குப்பை பொறுக்குவதாக இருந்தால் வைகாசிக்குள் முடித்துவிடுங்கள், தண்ணீர் வந்தபின் கரையில் நின்று போட்டோதான் எடுக்க முடியும்.

தூர்வாருவதிலும் ஒரு கூத்து நடக்கிறது. ஜேசிபி சேற்றோடு அள்ளிய பிளாஸ்டிக்கைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போய்விடுவார்கள், அடுத்த மழைக்கு அது மறுபடி உள்ளே. அதைக் கொளுத்துவதும் தீர்வு இல்லை, உருகிக் கட்டியானதும் சாம்பலும் அதே தண்ணீரில்தான் கலக்கும்.

ஆடிப்பெருக்கு, மயிலாடுதுறை துலாக் கட்டத்து முழுக்கு, தை அமாவாசை என்று ஆற்றில் விடுகிற பூவும் பழமும் மக்கிவிடும், சரி. அதைக் கேரி பையோடு சேர்த்து விடுவது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? முழுகிவிட்டுப் பழைய துணியை ஆற்றில் விட்டு வருவதும் அப்படித்தான், இன்றைக்கு நாம் உடுத்துவதில் பாதி பாலியஸ்டர், அது மக்காது, நூல் நூலாகப் பிரிந்து மீன் வயிற்றுக்குப் போகும்.

கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் கவர் பங்குனி ஆமைக்கு (ஆலிவ் ரிட்லி) அது தின்னும் சொறிமீன் (ஜெல்லி மீன்) மாதிரித் தெரிகிறது. ஆமையின் தொண்டையில் உள்நோக்கி வளைந்த முட்கள் இருக்கும், வழுக்குகிற இரை நழுவாமல் இருக்க. அதனாலேயே விழுங்கிய கவரை வெளியே தள்ளவும் முடியாது. வயிறு நிறைந்ததுபோல் இருந்தே பட்டினியில் சாகும். மக்கும் பை என்று அச்சடித்திருக்கிறதே என்றும் நம்பிவிடாதீர்கள், அவற்றில் பல குப்பையை மக்கவைக்கும் உரக்கிடங்கின் சூட்டில்தான் மக்கும், கடல் தண்ணீரில் வெகுநாள் அப்படியே கிடக்கும்.

அப்புறம் வயல்காரர்களுக்கு ஒன்று. பூச்சிமருந்து டப்பாவை வாய்க்காலில் அலசாதீர்கள். அலசிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி வயலுக்கு அடித்துவிடலாம். மீன்பிடிக்கிறவர்கள் அறுந்த தங்கூசி (நைலான் இழை) வலையைக் கடலில் கழித்துவிடாமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும், கேட்பாரற்றுக் கிடந்தாலும் அந்த வலை மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டேதான் இருக்கும்.

கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று தை முதல் பங்குனி வரை டிராக்டர் இறக்குகிறவர்களும் உண்டு. நாகை, கோடியக்கரைப் பக்கம் ஆமை முட்டையிடும் பருவம் அது. முட்டைகள் மணலுக்கு அடியில் இருக்கும், டயர் ஏறினால் போச்சு. கோணியோடு கையால் பொறுக்குங்கள், ஆமைத் தடம் கண்டால் தோண்டிப் பார்க்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.