பெரிய கோயிலின் பழைய படம்: வாங்குமுன்பும் பகிருமுன்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசிச் சதய விழா நெருங்கினால் போதும், '1800-இல் எடுத்த தஞ்சைப் பெரிய கோயில் போட்டோ' என்று ஏதாவது ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். புகைப்படம் எடுக்கும் முறையே உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல்தான். தஞ்சையை முறையாகக் கேமராவில் பிடித்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற பட்டாள அதிகாரி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த அவர், 1858-இல் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி 19 அடிக்கும் மேல் நீளமான சுருளாக்கினார். இன்று நினைத்தாலும் மலைப்பான வேலை.

ஆகவே 1839-க்கு முந்தையது என்று எந்தப் படம் வந்தாலும் அது ஒருவர் கையால் வரைந்ததாகவோ, வரைந்ததைத் தகட்டில் வெட்டி அச்சடித்ததாகவோதான் இருக்கும். இந்த இரண்டாவது வகையில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அச்சுப்படம் என்பது பல கைகள் பட்ட பண்டம். கோயிலை நேரில் பார்த்து வரைந்தவர் ஒருவர், லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ உட்கார்ந்து செப்புத் தகட்டில் வெட்டியவர் இன்னொருவர், வர்ணம் பூசியவர் வேறொருவர். தகடு வெட்டியவர் தென்னை மரத்தையே பார்த்திருக்க மாட்டார். படத்தில் ஒரு கோபுரத்துக்குத் தட்டு கூடிப்போயிருந்தால் 'அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்தது போல' என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்த வரி யார் கையில் நுழைந்தது என்று யோசிக்க வேண்டும்.

தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் இருவரும் இதில் விதிவிலக்கு. 1792-93-இல் தென்னிந்தியாவைச் சுற்றி வந்து நேரில் வரைந்தார்கள். கட்டட அளவு பிசகாமல் இருக்க, காட்சியைத் தாளில் விழவைக்கும் இருட்டுப் பெட்டிக் கருவியையும் பயன்படுத்தினார்கள். ஊர் திரும்பித் தாங்களே தகடும் செய்தார்கள். 1795 முதல் 1808 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவர்களுடைய 144 படங்களில் தஞ்சை விமானமும் உண்டு, பெரிய நந்தியும் உண்டு, திருச்சி மலைக்கோட்டையும் உண்டு. இங்கேயும் ஆண்டுகளைக் குழப்பக் கூடாது. தஞ்சை விமானத்தை வரைந்தது 1792 வாக்கில், அந்தப் படம் அச்சில் வந்தது 1798-இல். 1812-16-இல் சின்ன அளவில் ஒரு பதிப்பும் வந்தது. அந்தச் சின்னப் பதிப்பின் தாளை '1798 ஒரிஜினல்' என்று சொல்லி விற்பது பொய். 1798 என்ற ஆண்டைப் பார்த்துவிட்டு 'சரபோஜி காலத்துத் தஞ்சை' என்று எழுதுவதும் தவறு. டேனியல்கள் வந்தபோது அரியணையில் இருந்தவர் அமர்சிங்.

சரி, இந்த விவரமெல்லாம் எங்கே கிடைக்கும்? படத்துக்குக் கீழே உள்ள ஓரத்தில்தான். இடது மூலையில் பொடி எழுத்தில் வரைந்தவர் பெயர், வலது மூலையில் தகடு வெட்டியவர் பெயர், நடுவில் வெளியிட்டவர் பெயரும் தேதியும் இருக்கும். 1735-இல் இங்கிலாந்தில் வந்த சட்டம் உரிமையாளர் பெயரையும் தேதியையும் படத்தின் மேல் போடச் சொன்னதால், ஆங்கிலேய அச்சுப்படங்களில் இந்த வரி பெரும்பாலும் தவறாமல் இருக்கும். பெயருக்குப் பின்னால் 'பிங்ஸ்' அல்லது 'டெலின்' என்று வந்தால் அவர் ஓவியர், 'ஸ்கல்ப்' என்று வந்தால் தகடு வெட்டியவர்.

ஃபிரேம் கடையில் நடக்கும் கொலை இதுதான். கையிருப்பில் உள்ள சட்டத்துக்குப் படம் பெரிதாக இருக்கிறது என்று அந்த ஓரத்தையே கத்தரித்துவிடுவார்கள். எழுத்து போனதும் ஊர், ஆள், ஆண்டு மூன்றும் போயின. மிஞ்சுவது சுவரில் தொங்கும் ஒரு அழகான அனாதை. சட்டத்தைப் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள், தாளின் மேல் கத்தரி படக் கூடாது.

அடுத்தது இடவல மாற்றம். தகட்டில் வெட்டியது தாளில் கண்ணாடிப் பிம்பமாகத்தான் விழும். தேர்ந்தவர்கள் தகட்டிலேயே திருப்பி வெட்டிவிடுவார்கள். பிறர் படத்தைப் பார்த்துக் காப்பியடித்த மலிவுப் பதிப்புக்காரர்கள் பலர் அப்படிச் செய்யவில்லை. பெரிய கோயில் என்றால் நமக்குச் சோதிப்பது சுலபம். கோயில் கிழக்கு பார்த்தது. நந்தி மண்டபத்தின் பக்கம் நின்று விமானத்தைப் பார்த்தால் பெரியநாயகி அம்மன் சந்நிதி வலது கைப்பக்கம் வர வேண்டும், சுப்பிரமணியர் கோயிலும் வலப்பக்கம் பின்னால் வர வேண்டும். இடப்பக்கம் இருந்தால் படம் திரும்பிவிட்டது. இதைக் கவனிக்காமல் 'அம்மன் சந்நிதி முதலில் தெற்கே இருந்ததா?' என்று கட்டுரை எழுதக் கிளம்பிவிடாதீர்கள்.

அளவையும் அப்படியே நம்ப வேண்டாம். விமானம் சுமார் 216 அடி, நந்தி சுமார் 12 அடி. கட்டடத்தைப் பிரம்மாண்டமாகக் காட்ட, கீழே நிற்கும் மனிதர்களைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்குவது அந்தக் கால ஓவியர்களின் வழக்கம். நந்தி மண்டபத்துக்கு முன்னால் எறும்பு மாதிரி ஆட்கள் தெரிந்தால் அது ஓவியரின் கைவேலை.

திருவரங்கத்தின் பழைய படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் இன்று பார்க்கும் 236 அடி ராஜகோபுரம் 1987-இல்தான் நிறைவடைந்தது. அதற்கு முன் சில நூற்றாண்டுகள் அது வெறும் மொட்டைக் கோபுரம். 19-ஆம் நூற்றாண்டுப் படத்தில் தெற்கு வாசல் மொட்டையாக இருப்பதைப் பார்த்து, 'படையெடுப்பில் இடித்துவிட்டார்கள்' என்று ஒரு கதை கட்டிப் பகிர்வதைப் பார்த்திருக்கிறேன். இடிக்க அங்கே என்ன இருந்தது? கட்டி முடிக்கவே இல்லை. இதையே புரட்டிப் போட்டால் நல்ல சோதனை ஒன்று கிடைக்கும். '1850-ஆம் ஆண்டு அச்சு' என்று சொல்லி விற்கும் படத்தில் 13 நிலையோடு முழு ராஜகோபுரம் நின்றால், விற்பவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் நடையைக் கட்டலாம்.

இன்னொரு திருவரங்கக் குழப்பம் மைசூர் வரைக்கும் போகிறது. ஆங்கிலேயர்கள் ஸ்ரீரங்கத்தைச் 'சேரிங்காம்' என்றார்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் 'சேரிங்கபட்டம்' என்றார்கள். இரண்டும் காவிரித் தீவு, இரண்டிலும் அரங்கநாதர். திப்பு சுல்தானோடு நடந்த 1792, 1799 போர்களால் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பற்றி இங்கிலாந்தில் படங்கள் குவியலாக அச்சாயின. நம் ஸ்ரீரங்கத்துக்கு அவ்வளவு இல்லை. இணையத்தில் பெயரின் முன்பாதியை மட்டும் படித்துவிட்டு வாங்கினால், வீட்டுக்கு வந்து சேருவது திப்புவின் கோட்டை மதிலாக இருக்கும். படத்தில் பீரங்கியும் செஞ்சட்டைச் சிப்பாயும் ஏணியும் இருந்தால் பெரும்பாலும் அந்த ஊர்தான். தேடும்போதும் பழைய எழுத்துக்கூட்டலைப் போட்டால்தான் கிடைக்கும்: டாஞ்சூர், டிரிச்சினோபொலி, டிராங்கிபார், நெகபட்டம், கொள்ளிடத்துக்குக் கோலரூன்.

கட்டடத்தை விட ஆள் படம் மோசம். 'டாஞ்சூர் ராஜா' என்று மட்டும் போட்டிருந்தால் உடனே இரண்டாம் சரபோஜி என்று எழுதிவிடுகிறார்கள், நமக்குத் தெரிந்த பெயர் அதுதான் என்பதால். இரண்டாம் துளஜா 1763 முதல் 1787 வரை ஆண்டார். பிறகு அமர்சிங் 1798 வரை, சரபோஜி 1832 வரை, அவர் மகன் இரண்டாம் சிவாஜி 1855 வரை. தேதி இல்லாமல் பெயர் வைக்கவே கூடாது. மகன் சிவாஜியின் படத்தை, 1680-இல் மறைந்த சத்ரபதி சிவாஜி என்று போடும் கூத்தும் நடக்கிறது. இடையில் ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது, அப்பா!

சிவகங்கைப் பூங்காவில் உள்ள ஸ்வார்ட்ஸ் தேவாலயத்துப் பளிங்குச் சிற்பத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். 1798-இல் இறந்த பாதிரியார் ஸ்வார்ட்ஸ் படுக்கையில் கிடக்க, சரபோஜி அருகே நிற்பதாகச் செதுக்கியிருக்கும். செதுக்கிய ஜான் ஃபிளாக்ஸ்மன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சரபோஜிக்குத் தம் ஆசிரியர் மேல் இருந்த அன்புக்கு அது நல்ல சாட்சி, முகச் சாயலுக்குச் சாட்சியாகக் காட்ட முடியாது.

ராஜராஜன் விஷயத்தில் நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. அவர் முகம் இன்னதென்று உறுதியாகச் சொல்லும் படம் எதுவும் நம்மிடம் இல்லை. கருவறையைச் சுற்றிய உள்பாதையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931-இல் வெளியே தெரிந்தது. அதில் தாடி வைத்த முதியவரும் அவருக்குப் பின்னால் ஒருவரும் நிற்பதைக் கருவூர்த் தேவரும் ராஜராஜனும் என்று சொல்கிறார்கள். அடியில் பெயர் எழுதியில்லை, ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்கவும் இல்லை. கோயிலுக்கு வெளியே நிற்கும் சிலை 1972-இல் வைத்தது. கரிகாலனுக்கு இந்த அளவு ஆதாரமும் கிடையாது. யானை மேல் இருந்து கல்லணையைப் பார்வையிடும் படங்கள் அத்தனையும் நம் காலத்துக் கற்பனை. கற்பனை என்று போட்டுவிட்டுப் பகிர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

திருவாரூரில் பிறந்த சங்கீத மும்மூர்த்திகளும் அப்படித்தான். சியாமா சாஸ்திரி 1827-இலும் முத்துசாமி தீட்சிதர் 1835-இலும் மறைந்தார்கள், புகைப்படத்துக்கு வாய்ப்பே இல்லை. கச்சேரி மேடைகளிலும் காலண்டர்களிலும் நாம் பார்த்துப் பழகிய மும்மூர்த்தி முகங்கள் எஸ். ராஜம் வரைந்தவை. அவர் 2010-இல் காலமானார். ஓவியர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு என்பதால், 'பழைய படம்தானே' என்று அட்டையில் போடுவது சிக்கலாகும்.

நாகப்பட்டினத்துப் படத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கட்டடமே இல்லை. கடலோரத்தில் 'சீனக் கோயில்' என்று ஐரோப்பிய மாலுமிகள் அடையாளம் வைத்திருந்த செங்கல் கோபுரத்தை, சர் வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1846-இல் மூன்று நிலையோடு சிதைந்து நின்றபோது பார்த்தார். 1867-இல் அதை இடித்துவிட்டார்கள். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரத்தோடு இந்தக் கோபுரத்தைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆனால் எலியட் வெளியிட்ட படத்தை எடுத்து, 'சூடாமணி விகாரம், 1006' என்று தலைப்புப் போடுவது வரம்பு மீறல். படம் சொல்வது 19-ஆம் நூற்றாண்டில் அங்கே நின்ற ஒரு கோபுரத்தை மட்டும். விகார வளாகத்தில் அது எந்தப் பகுதி, எந்தக் காலத்து வேலை என்பதெல்லாம் தனி விசாரணை. கங்கைகொண்ட சோழபுரத்துப் படங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கீழணை கட்ட 1836-இல் அந்தக் கோயிலிலிருந்து கல் பெயர்த்தார்கள். அதற்குப் பிறகு வரைந்த படத்தில் வெளி மதிலைத் தேடிப் பயனில்லை.

வாங்கும்போது ஒரு லென்ஸ் போதும். ஒரே சீரான புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது 1880-களுக்குப் பிந்தைய பிளாக் அச்சு, அல்லது நேற்று அடித்த பிரதி. டேனியல் வகைப் படத்தில் சீரற்ற, சுருண்ட பொடி மணிகள் தெரியும். செப்புத் தகட்டு அச்சில் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய கோடும் இருக்கும், அதைக் கத்தரிக்காமல் விட்டிருந்தால். லண்டன் சித்திர வாரப் பத்திரிகைகளில் வந்த மரக்கட்டை அச்சுகளில் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுவது கிழிசல் அல்ல, பல கட்டைகளை முடுக்கிய இணைப்பு. அவை கறுப்பு வெள்ளையில் வந்தவை. வர்ணம் இருந்தால் பெரும்பாலும் பின்னால் யாரோ விற்பனைக்காகப் பூசியது. கூட விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

வீட்டில் வைத்திருப்பதற்கு டெல்டா ஈரம்தான் முதல் எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் நனையும் வெளிச்சுவரில் மாட்டினால் தாளில் பழுப்புப் புள்ளி பூக்கும், பின்பலகைக்குள் ராமபாணப் பூச்சி குடியேறும். உள்சுவரில், வெயில் நேரடியாக விழாத இடத்தில், கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி விட்டு மாட்டுங்கள். கிழிசலுக்குச் செல்லோ டேப் ஒட்டினால் சில வருடத்தில் அந்த இடம் மஞ்சளாகிவிடும். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் தராது, ஆகவே சிங்கப்பூர் அத்தைக்கு அன்பளிப்பு என்றால் நல்ல பிரதி ஒன்று எடுத்து அனுப்புங்கள். பிரதி எடுக்கப் போகும் ஜெராக்ஸ் கடையில் "லேமினேஷன் போட்டுத் தரட்டுமா அண்ணே, கெடாம இருக்கும்" என்று கேட்பார்கள். பிரதிக்குப் போடட்டும். மூலத்தை அந்த மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கெடாமல் உரித்தெடுக்க வழியில்லை.