"கடிக்குதா?" என்று டொக்டர் கேட்டால்

தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள் நான். திருகோணமலைக்கு வந்த புதிதில் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "பிள்ளைக்குக் கடிக்குதா?" என்று டொக்டர் கேட்டார். "இல்லைங்க, எதுவும் கடிக்கல" என்றேன். இங்கே கடி என்றால் அரிப்பு. ஒரு களிம்போடு திரும்பினோம். இரண்டு கிழமையில் வீட்டில் நாலு பேரும் இரவிரவாகச் சொறிந்தோம். மறுபடி போனபோதுதான் டொக்டர் மகளின் விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தார். ஸ்கேபீஸ், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியால் தொற்றும் சொறி. ஒரே நாளில் வீட்டார் எல்லாரும் மருந்து பூசி, உடுப்பு, படுக்கை விரிப்பெல்லாம் தோய்த்த பிறகே விட்டது.

ஆகவே, தோல் நோயை டொக்டரிடம் சொல்லப் போகுமுன், முதலில் சொற்கள். வருத்தம் என்றால் நோய், குளிசை என்றால் மாத்திரை, விறைப்பு என்றால் மரத்துப்போவது. டொக்டர் சிங்களவராக இருந்தால், 'கஹனவா' கடிக்குது, 'ரிதெனவா' நோகுது.

நோயின் பேரை நீங்கள் சொல்ல வேண்டாம், கண்டதைச் சொல்லுங்கள். எங்கே தொடங்கியது, எப்போது, எந்தப் பக்கம் பரவியது? கண்ணை மூடி விரலால் தடவுங்கள்: மட்டமா, மேடா? உள்ளே நீரா, சீழா? செதில் உதிருதா? இரவில் கூடுதா? வீட்டில் வேறு யாருக்கும் உண்டா? நம் கறுத்த தோலில் அழற்சி எப்போதும் சிவப்பாகத் தெரியாது. ஊதாவாக, கரும்பழுப்பாகவும் தெரியும். "பக்கத்துத் தோலைவிடக் கறுத்திருக்கு, தொட்டால் சுடுது" என்றாலே போதும். முதல் நாளே யன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்துப் படம் எடுங்கள்.

கச்சான் என்ற மேற்குக் காற்றுக் காலத்து வியர்வையில் தொடையிடுக்கில் பூஞ்சையால் படை வரும். விளிம்பு மேடாகி, நடு தெளிந்த வட்டம் அது. தயவுசெய்து பார்மசியில் கேட்டு ஸ்டீரொய்ட் (அழற்சியை அடக்கும் மருந்து) கலந்த கிறீம் பூசாதீர்கள். கடி இரண்டு நாளில் அடங்கும், வட்டமும் உருமாறும், பூஞ்சை மட்டும் அடியில் பரவும். பிறகு டொக்டராலும் எளிதில் அடையாளம் காண முடியாது. பூசிவிட்டீர்களா, அந்தத் தியூப்பையும் கையோடு கொண்டுபோங்கள்.

எனக்குப் பெரிய கவலை கடிக்காத, நோகாதவற்றைப் பற்றித்தான். வெளிறிய தேமல் போல ஒன்று இருந்து, பஞ்சு நுனி பட்டாலும் உணர்வில்லையென்றால் அது தொழுநோயாக இருக்கலாம். வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதத்தில் சுகமாகும். கை, கால், முகத்தில் வாரக்கணக்கில் ஆறாத, நோகாத பரு மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியாவாக இருக்கலாம். அதையும் காட்டுங்கள்.

காய்ச்சலோடு, கண்ணாடிக் குவளையால் அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள். புதுக் குளிசை குடித்த பின் வாய் புண்ணாகித் தோல் உரிதல். தடிப்போடு உதடு வீங்கி மூச்சு முட்டுதல் - இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.