சார்ஜ் லைட் எரியுது, டார்ச் எரியல – என் அனுபவம்

ஏற்காட்டுல மழைக்கு கரண்ட் போச்சுன்னா டார்ச் இல்லாம வெளிய கால் வைக்க முடியாது, சித்தப்பாவோட டார்ச்ச சார்ஜ்ல போட்டா சிவப்பு லைட் நல்லா எரியுது ஆனா ஸ்விட்ச் போட்டா மினுக்குனு வந்து உடனே அணைஞ்சிடுது. பிளக்க கழட்டிட்டு பிரிச்சு பாத்தேன், உள்ள 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி (ஈயத் தகடும் ஆசிடும் இருக்கற வகை), மல்டிமீட்டர் வச்சா 2 வோல்ட் கூட இல்ல. இந்த டைப்ல சிவப்பு லைட்ட நம்பாதீங்க, கரண்ட் வருதுன்னுதான் காட்டும், பேட்டரி ஏறுதான்னு காட்டாது. மாசக்கணக்கா சார்ஜ் போடாம வச்சா அந்தத் தகட்டுல சல்பேட்ங்கற உப்பு படிஞ்சு அப்புறம் ஏத்தினாலும் நிக்காது. சேலத்துல அதே சைஸ் பேட்டரி வாங்கி பிளஸ் மைனஸ் பாத்து சால்டர் வச்சேன், இப்ப பளிச்சுனு எரியுது.

முக்கியமா ஒண்ணு, இந்த டார்ச்ல வோல்ட்ட குறைக்கற டிரான்ஸ்பார்மர் கிடையாது, வெறும் கெப்பாசிட்டர் வழியா 230 வோல்ட் லைன் நேரா போர்டுக்கு வருது, தெறந்து வச்சு பிளக் சொருகவே சொருகாதீங்க.